300 வெள்ளி சம்மன்: தொகை ஒன்றுதான், சுமையும் ஒன்றா?

மாநிலத்திற்கு மாநிலம் சம்மன் தொகை மாறுகிறது என்ற பேச்சு ஒட்டுக்கடைகளில் அடிக்கடி அடிபடுகிறது. ஜொகூரில் மாட்டினால் கூடுதல், கெடாவில் மாட்டினால் குறைவு என்று லோரி ஓட்டுநர்கள் சிலர் அடித்துச் சொல்வார்கள். இதில் பாதிதான் உண்மை.

போலீசும் சாலைப் போக்குவரத்து இலாகாவும் (ஜேபிஜே) வழங்கும் சம்மன்களுக்குப் பெர்லிஸ் முதல் சபா வரை ஒரே சட்டம்தான். போக்குவரத்து, அரசியலமைப்பின் ஒன்பதாவது அட்டவணையில் கூட்டரசுப் பட்டியலில் இருக்கிறது. மந்திரி பெசாரோ மாநில ஆட்சிக்குழுவோ நினைத்தால் இந்தத் தொகையைக் கூட்டவோ குறைக்கவோ முடியாது. 1987ஆம் ஆண்டு சாலைப் போக்குவரத்துச் சட்டத்தின்படி, நீதிமன்றம் போகாமல் கட்டி முடிக்கும் கம்பவுண்ட் தொகைக்கு உச்ச வரம்பு 300 வெள்ளி. வழக்கு நீதிமன்றத்திற்குப் போய்விட்டால் கணக்கு வேறு. சிவப்பு விளக்கை மீறிய குற்றத்திற்கு அங்கே 300 வெள்ளி முதல் 2,000 வெள்ளி வரை அபராதம் விதிக்கலாம். எவ்வளவு என்பது மாஜிஸ்திரேட்டின் முடிவு. ஆகவே அங்கு வழக்குக்கு வழக்கு தொகை மாறும்.

ஒட்டுக்கடைப் பேச்சில் உள்ள பாதி உண்மை, கார் நிறுத்துமிடத்தில் கிடைக்கும் சீட்டில் இருக்கிறது. ஊராட்சி மன்றங்கள் மாநிலப் பட்டியலைச் சேர்ந்தவை. கட்டண நிறுத்துமிடங்களுக்கான உத்தரவை ஒவ்வொரு மன்றமும் தனித்தனியாக வைத்திருக்கிறது. கட்டணம் செலுத்தாமல் காரை நிறுத்தியது ஒரே குற்றம்தான் என்றாலும், அதற்கான கம்பவுண்ட் மன்றத்திற்கு மன்றம் மாறும். சீக்கிரம் கட்டினால் எவ்வளவு கழிவு, எத்தனை நாள் தவணை என்பதும் அப்படியே. பெட்டாலிங் ஜெயாவிலிருந்து எல்லையைத் தாண்டிக் கோலாலம்பூருக்குள் நுழைந்தாலே போதும், மன்றமும் விதியும் மாறிவிடும். ஒன்றில் கட்டிய பழக்கத்தில் இன்னொன்றின் சீட்டைக் கண்டுகொள்ளாமல் விட்டவர்களுக்கு நீதிமன்ற அழைப்பாணை வரும்போதுதான் விவரம் புரிகிறது.

ஆனால் நிறுத்துமிடச் சீட்டை விடப் பெரிய வேறுபாடு, எல்லாருக்கும் சமம் என்று சொல்லப்படும் அந்த 300 வெள்ளியிலேயே இருக்கிறது. புள்ளிவிவரத் துறையின் 2022ஆம் ஆண்டு குடும்ப வருமான ஆய்வில், கோலாலம்பூர் குடும்பங்களின் நடுநிலை மாத வருமானம் 10,234 வெள்ளி. சிலாங்கூரில் 9,983. பேராக்கில் 4,494, கெடாவில் 4,402, கிளந்தானில் 3,614. 300 வெள்ளி என்பது கோலாலம்பூர் குடும்பத்தின் மாத வருமானத்தில் 3 விழுக்காட்டைத் தொடவில்லை. பேராக்கிலும் கெடாவிலும் அது 7 விழுக்காட்டை நெருங்குகிறது. கிளந்தானில் 8 விழுக்காட்டைத் தாண்டுகிறது. தலைநகரில் வாடகையும் சாப்பாட்டுச் செலவும் அதிகம் என்பது சரிதான். அதற்காக இந்த இடைவெளி மறைந்துவிடாது.

சராசரிக் குடும்பத்தை விட்டுத் தனி ஆளைப் பார்த்தால் சுமை இன்னும் தெளிவாகத் தெரியும். குறைந்தபட்சச் சம்பளம் 1,700 வெள்ளி. மாதம் 26 நாள் வேலை என்று வைத்தால் ஒரு நாளுக்கு 65 வெள்ளி சொச்சம். சுங்கை சிப்புட் பக்கத்துத் தோட்டத்திலிருந்து மோட்டார் சைக்கிளில் தொழிற்சாலைக்குப் போகும் ஒருவருக்கு 300 வெள்ளி சம்மன் என்றால் நாலரை நாள் கூலி போகிறது. பஸ் வசதி நன்றாக இருந்தால் மோட்டாரை வீட்டில் விட்டுப் போகலாம். தோட்டப்புறத்தில் அந்த வழியும் இல்லை.

இந்தப் பின்னணியில்தான் 2026 ஜனவரி 1 முதல் நடப்புக்கு வந்த புதிய கழிவுமுறையைப் பார்க்க வேண்டும். போலீஸ் சம்மனுக்கும் ஜேபிஜே சம்மனுக்கும் இனி ஒரே முறை. 15 நாளுக்குள் கட்டினால் பாதித் தொகை, 16ஆம் நாள் முதல் 30ஆம் நாள் வரை 33 விழுக்காடு கழிவு, அதற்குப் பிறகு முழுத் தொகை. 60 நாள் கடந்தால் நீதிமன்றம். 300 வெள்ளி சம்மனுக்கு இது முறையே 150, 200, 300 வெள்ளி ஆகிறது. கம்பவுண்ட் கட்டி முடிக்க முடியாத குற்றங்களுக்குக் கழிவு இல்லை.

பழைய முறையை விட இது மேல் என்பதில் சந்தேகமில்லை. ஆண்டு இறுதியில் எப்படியும் கழிவு வரும் என்று சம்மனை அலமாரியில் போட்டு வைக்கும் பழக்கத்தை அரசாங்கமே வளர்த்துவிட்டிருந்தது. 2021 டிசம்பரில் 80 விழுக்காடு வரை கழிவு தரப்பட்டபோது கோலாலம்பூரில் அலைமோதிய கூட்டம் பலருக்கு நினைவிருக்கும். ஒழுங்காக உடனே கட்டியவர்தான் அப்போது ஏமாளியானார்.

ஆனால் புதிய முறையில் கழிவு யாருக்குக் கிடைக்கிறது? கையில் பணமும் கைப்பேசியில் செயலியும் இருப்பவருக்கு முதலில். சம்மன் 5ஆம் தேதி வந்து சம்பளம் மாதக் கடைசியில் வருபவருக்கு 15 நாள் போதாது. பணம் இருப்பவர் 150 வெள்ளியில் முடித்துக்கொள்ளும் அதே குற்றத்திற்கு, பணம் இல்லாதவர் 200 அல்லது 300 வெள்ளி கட்டுகிறார். முதல் கட்டத்தை 15 நாளுக்குப் பதில் ஒரு முழுச் சம்பளச் சுற்றான 30 நாளாக வைத்திருந்தால் கூட இந்தக் கோணல் பெருமளவு நிமிர்ந்திருக்கும். பின்லாந்தைப் போல், கடுமையான வேகக் குற்றங்களுக்கு ஓட்டுநரின் வருமானத்தை வைத்து அபராதம் கணக்கிடுவது நமக்குத் தூரத்துப் பேச்சு. தவணை நாளை மாற்றுவது அவ்வளவு பெரிய காரியமில்லை.

தோட்டம் விற்கப்பட்டு மேம்பாட்டுக்குப் போனபின் தாமானுக்கோ மலிவு விலை அடுக்குமாடிக்கோ குடியேறிய குடும்பங்களுக்கு இன்னொரு சிக்கலும் உண்டு. கேமரா பிடித்த சம்மன், ஜேபிஜே பதிவில் உள்ள வாகன உரிமையாளரின் முகவரிக்குத்தான் போகும். அந்தப் பதிவில் இன்னும் பழைய லயத்து வீட்டு முகவரியே இருந்தால் கடிதம் கைக்கு வராது, நாள் மட்டும் ஓடும். அப்பா பெயரில் பதிந்த மோட்டாரை மகன் ஓட்டும் வீடுகளிலும் இதே கதைதான்.

சம்மனை எதிர்க்க நினைப்பவருக்குத்தான் ஊர் வேறுபாடு உண்மையாகவே உறைக்கும். கட்டுவதென்றால் எங்கிருந்தும் மைபாயார், மைஜேபிஜே செயலிகளில் கட்டிவிடலாம். குற்றம் செய்யவில்லை என்று வாதாட வேண்டுமென்றால், சம்பவம் நடந்த வட்டாரத்து நீதிமன்றத்திற்குப் போக வேண்டும். ஜொகூர் பாருவில் சம்மன் வாங்கிய தெலுக் இந்தான் லோரி ஓட்டுநர் நாட்டின் தென்கோடி வரை போய் வர வேண்டும். வழக்கு ஒத்திவைக்கப்பட்டால் இன்னொரு பயணம், இன்னொரு நாள் கூலி. நியாயம் தம் பக்கம் இருந்தாலும் 150 வெள்ளியைக் கட்டிவிட்டுப் போவதே மலிவு என்று பலர் முடிவெடுப்பது இதனால்தான்.