'ஏமாளி' என்று எழுதிய தம்பிக்கும், 'அதிர்ஷ்டம்' என்று எழுதிய மாப்பிள்ளைக்கும்



நீளமான பதிவு. பொறுமை இல்லாதவர்கள் இப்போதே லைக் போட்டுவிட்டுப் போகலாம், கோபித்துக்கொள்ள மாட்டேன். வகுப்பிலும் கடைசி பெஞ்சு அப்படித்தானே இருந்தது.

போன வாரம் மிரோஸ்லாவ் க்ளோசே என்ற ஜெர்மன் கால்பந்து வீரரின் பழைய வீடியோ ஒன்றைப் பகிர்ந்திருந்தேன். 2012 செப்டம்பர், இத்தாலியின் நேப்பிள்ஸ். க்ளோசே லாட்சியோ அணிக்கு ஆடுகிறார். ஆட்டம் தொடங்கிய சில நிமிடங்களில் கார்னரிலிருந்து வந்த பந்து அவர் கையில் பட்டு வலைக்குள் போய்விட்டது. நடுவர் கோல் கொடுத்துவிட்டார். நேப்போலி ஆட்டக்காரர்கள் சூழ்ந்துகொண்டு கத்துகிறார்கள். க்ளோசே நடுவரிடம், ஆமாம், கையில்தான் பட்டது என்று சொல்லிவிட்டார். கோல் ரத்து. எதிரணிக்காரர்கள் வந்து கைகொடுத்தார்கள். அதே எதிரணி பிறகு 3-0 என்று ஜெயித்தது.

அதன் கீழே என் பழைய மாணவன் ஒருவன் எழுதினான்: "சார், இவர் நல்லவர் இல்ல, ஏமாளி. கோலும் போச்சு, மேட்ச்சும் போச்சு." அதற்கு வரிசையாகச் சிரிப்புப் பொம்மைகள். அடுத்து என் அக்கா மகன்: "மாமா, அந்தாளு கோல் வாசல்லயே நிப்பாரு, பந்து தானா வந்து கால்ல படும். ரெக்கார்டு எல்லாம் அதிர்ஷ்டம்."

மாப்பிள்ளைக்கு முதலில் சொல்கிறேன். க்ளோசே பிறந்தது 1978இல், போலந்தின் ஒபோலே நகரில். அப்பா தொழில்முறைக் கால்பந்து வீரர், அம்மா போலந்தின் ஹேண்ட்பால் தேசிய அணியில் ஆடியவர். குடும்பம் ஜெர்மனிக்குக் குடிபெயர்ந்தபோது பையனுக்கு 8 வயது இருக்கும். ஜெர்மன் மொழியில் இரண்டே சொற்கள்தான் தெரியும் என்பார்கள். விளையாட்டுக் குடும்பம்தானே, வழி தானாகத் திறந்திருக்கும் என்று நினைக்காதே. எந்தப் பெரிய கிளப்பும் அவரைச் சின்ன வயதில் பொறுக்கி எடுத்து வளர்க்கவில்லை. தச்சுத் தொழில் பயின்றார். கூரைச் சட்டம் ஏற்றும் வேலை. மாலையில் போய், ஊர்ப் பெயரையே யாரும் கேள்விப்படாத ஒரு கிராமத்து கிளப்பில், நாட்டின் ஏழாவது அடுக்கு லீக்கில் பந்து விளையாடினார். 20 வயது வரைக்கும் அவ்வளவுதான். இந்த வயதில் இன்றைய பெரிய ஆட்டக்காரர்களுக்குக் கோடிகளில் ஒப்பந்தம் முடிந்திருக்கும்.

1999இல் கைசர்ஸ்லவுட்டர்ன் கிளப்பின் இரண்டாம் அணிக்கு வருகிறார். 2000 ஏப்ரலில் பூண்டஸ்லீகாவில் முதல் ஆட்டம். 2001 மார்ச்சில் அல்பேனியாவுக்கு எதிராக ஜெர்மன் அணியில் மாற்று ஆட்டக்காரராக இறங்கி, கடைசி நிமிடங்களில் வெற்றிக் கோல். 2002 உலகக் கோப்பையில் 5 கோல், ஐந்தும் தலையால் முட்டியவை. கோல் வாசலில் நின்றால் பந்து காலில் படுமா? பட்டது தலையில், மாப்பிள்ளை! அத்தனை பேர் தள்ளுமுள்ளில் நிற்கும்போது, சரியான நொடியில் எகிறினால்தான் படும்.

2010இல் இங்கிலாந்துக்கு எதிரான கோலைத் தேடிப் பார். கோல்கீப்பர் நோயர் தன் வாசலிலிருந்து கோல் கிக் அடிக்கிறார். கோல் கிக்கிலிருந்து நேராக வரும் பந்துக்கு ஆஃப்சைடு கிடையாது. விதிப் புத்தகத்தில் ஓரமாகக் கிடக்கிற சங்கதி. க்ளோசே அதை மனதில் வைத்துக்கொண்டு தடுப்பாளர்களைத் தாண்டி ஓடுகிறார். ஒருவன் தோளில் சாய்ந்து அமுக்குகிறான். விழப்போகிறவர் காலை நீட்டித் தட்டிவிடுகிறார். கோல். அவ்வளவு தூரம் ஓடி வந்து எட்டுவதற்குப் பெயர் 'தானா வந்து படுவது' என்றால், நான் போட்ட கணக்கெல்லாம் சாக்பீஸ் தானாகப் போட்டதுதான்.

உன் பக்கத்திலும் நியாயம் கொஞ்சம் இருக்கிறது, மறைக்க மாட்டேன். உலகக் கோப்பையில் க்ளோசேயின் 16 கோலுக்கு 24 ஆட்டங்கள் ஆயின. பிரேசிலின் ரொனால்டோ 19 ஆட்டங்களில் 15 அடித்தார். கெர்ட் முல்லர் ஜெர்மனிக்காக 62 ஆட்டங்களில் 68. க்ளோசேக்கு 71 கோல் அடிக்க 137 ஆட்டங்கள். வேகத்தில் அவர்கள் வேறு சாதி ஆட்டக்காரர்கள். பயர்ன் மியூனிக்கில் கடைசி இரண்டு பருவங்களில் க்ளோசே லீக்கில் அடித்தது மொத்தமே 4 கோல். பெஞ்சில்தான் அதிகம் உட்கார்ந்திருந்தார். அப்படி உட்கார்ந்திருந்தவர்தான் 2010 உலகக் கோப்பையில் 4 அடித்தார். 2014இல் 36 வயதில், கானாவுக்கு எதிராக உள்ளே வந்து இரண்டு நிமிடத்தில் ஒன்று. பிறகு பிரேசிலுக்கு எதிரான அந்த 7-1 ஆட்டத்தில் 16வது. அதுவும் முதல் அடியைக் கோல்கீப்பர் தடுத்து, திரும்பி வந்ததை மறுபடி அடித்தது. தடுத்தவுடன் தலையில் கைவைத்து நிற்காமல் இரண்டாம் அடிக்குத் தயாராக இருந்தவரை அதிர்ஷ்டக்காரர் என்று சொல்லிக்கொள். அவர் கோல் அடித்த எந்த ஆட்டத்திலும் ஜெர்மனி தோற்றதில்லை என்பதையும் சேர்த்துக்கொள்.

இனி 'ஏமாளி' என்று எழுதிய தம்பி.

"மேட்ச்சும் போச்சு" என்றாய். 3-0இல் தோற்ற ஆட்டத்தில் ஒரு கோலைச் சேர்த்தால் 3-1. கணக்கு வாத்தியாரிடமே கணக்கா? முதல் கோல் விழுந்தால் ஆட்டத்தின் போக்கே மாறும் என்பாய். மாறியிருக்கலாம். அது க்ளோசேக்குத் தெரியாதா? அதைத் தெரிந்துகொண்டுதானே சொன்னார்! அப்போது இத்தாலிய லீக்கில் வீடியோ நடுவர் இல்லை. வாயை மூடிக்கொண்டிருந்தால் கோல் கோலாகவே நின்றிருக்கும். அதற்கு 7 வருடம் முன்பு, 2005இல் பிரேமன் அணியில் இருந்தபோதும், நடுவர் கொடுத்த பெனால்டியை, தன் மேல் தவறு எதுவும் நடக்கவில்லை என்று சொல்லித் திருப்பிவிட்டார். அந்த ஏமாளிதான் அடுத்த பருவத்தில் 25 கோலடித்து பூண்டஸ்லீகாவில் முதலிடம் பிடித்தார். அதே கோடையில் உலகக் கோப்பையிலும் தங்கக் காலணி.

1986இல் மாரடோனா கையால் போட்ட கோலை நாம் புராணம் மாதிரி சொல்லிக்கொண்டிருக்கிறோம். 2009இல் ஆன்ரி கையால் தட்டிவிட்ட பந்தில்தான் பிரான்ஸ் அயர்லாந்தைத் தாண்டி உலகக் கோப்பைக்குப் போனது. அவர்கள் 'சாமர்த்தியசாலிகள்'. உண்மையைச் சொன்னவன் ஏமாளி. இந்த அகராதியை உனக்கு யார் கற்றுக்கொடுத்தது?

மூன்று நாள் யோசித்தேன். கற்றுக்கொடுத்ததில் எனக்கும் பங்கு உண்டு.

உன் வகுப்புதான், பத்தாம் வகுப்பு அரையாண்டுத் தேர்வு. விடைத்தாள் கொடுத்து முடித்ததும் ஒரு பையன் எழுந்து வந்து, "சார், கூட்டலில் 4 மார்க் அதிகம் போட்டிருக்கீங்க" என்றான். வகுப்பே சிரித்தது. நானும் சிரித்துக்கொண்டே, "பிழைக்கத் தெரியாத பையன்டா நீ" என்று சொல்லி, 4 மதிப்பெண்ணை அடித்துவிட்டுத் தாளைத் திருப்பிக் கொடுத்தேன். நீயும் அன்று சிரித்தவர்களில் ஒருவன். நேப்பிள்ஸில் எதிரணிக்காரர்கள் கைகொடுத்தார்கள். நான் அதைக்கூடச் செய்யவில்லை.

அந்தப் பையன் இந்த முகநூலில் என் நட்பு வட்டத்தில்தான் இருக்கிறான். பெயர் சொல்லிச் சங்கடப்படுத்த மாட்டேன். க்ளோசே வீடியோவுக்கு அவன் கருத்து எதுவும் எழுதவில்லை, வெறும் லைக் மட்டும் போட்டிருந்தான். தம்பி, அன்று நான் சொன்னது தப்பு. மன்னித்துக்கொள்.

சிரிப்புப் பொம்மை போட்டவர்கள் வேண்டுமானால் இதற்கும் போடலாம். அக்கா மகன் மட்டும் அந்த இங்கிலாந்து கோலைப் பார்த்துவிட்டு ஞாயிற்றுக்கிழமை போன் பண்ணவும். அம்மாவையும் பேசச் சொல்லு, மூட்டு வலி எப்படி இருக்கிறதென்று கேட்க வேண்டும்.