பையில் இருந்த தாளில் 'திருடன்'

போன மாதம் ஆராதனை முடிந்து எல்லோரும் தேநீர் குடித்துக்கொண்டிருந்தபோது, ஓர் அம்மா என்னைத் தனியே அழைத்தார். மகனுடைய பள்ளிக்கூடப் பையில் கண்டெடுத்த ஒரு தாளைக் காட்டினார். அதில் ஒரு பெயர், அதன் கீழே மகனின் கையெழுத்தில் 'தீஃப்', அதாவது திருடன். "தங்கச்சி, நீயும் வெள்ளிக்கிழமைகளில இந்தப் பிள்ளைகளோட இருந்து விளையாடுறாய்தானே. இது என்ன விளையாட்டு? களவு பழக்கிறீங்களா?" என்று கேட்டார். அவர் குரலில் கோபத்தைவிடப் பயம்தான் அதிகம்.

ஆம், விளையாடுகிறேன். 'டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ்' என்பது மேசையைச் சுற்றி உட்கார்ந்து, கட்டை உருட்டி, ஆளுக்கொரு பாத்திரமாகக் கதையை நடத்திச் செல்லும் விளையாட்டு. அன்று நின்ற நிலையில் அந்த அம்மாவிடம் பாதிதான் சொல்ல முடிந்தது. மீதியை இங்கே எழுதுகிறேன். பெற்றோருக்காக எழுதுகிறேன்; விளையாடும் தம்பி தங்கைமாருக்கும் இதில் ஒரு வார்த்தை இருக்கிறது.

நான் ஒரு தாதி. எங்கள் வேலையில் பெயரை மேலோட்டமாகப் பார்த்து மருந்தை எடுப்பது ஆபத்து. ஹைட்ராலசின் இரத்த அழுத்தத்தைக் குறைக்கும். ஹைட்ராக்சிசின் அரிப்பைத் தணிக்கும். பெயர்கள் கிட்டத்தட்ட ஒன்று, வேலை வேறு. இந்த விளையாட்டில் பதுங்கிச் செல்லும் பாத்திரங்களும் அப்படித்தான்.

1974இல் விளையாட்டு முதன்முதலில் வெளிவந்தபோது அதில் திருடன் இல்லை. 1975இல் வந்த இணைப்புப் புத்தகங்களில் முதலில் 'தீஃப்' வந்தது, பிறகு 'அசாசின்' என்ற கொலைஞன் வந்தான். 1978இன் விதிநூல், கொலைஞன் தீயவனாகவே இருக்க வேண்டும் என்றது. 2000இல் திருடன் வகுப்புக்கு 'ரோக்' என்று புதுப்பெயர் வைத்தார்கள். எங்கள் பிள்ளைகள் விளையாடுவது 2014இன் விதிகளை. அதில் தீஃப், அசாசின் இரண்டுமே ரோக்கின் கிளைகள். 3ஆம் நிலைக்கு வரும்போது ஒரு கிளையைத் தெரிவு செய்ய வேண்டும்.

ரோக் என்றால் இருட்டில் தனியே திரிகிறவன் என்றுதான் பலரும் நினைக்கிறார்கள். விதியை வாசித்துப் பாருங்கள். அவனுடைய 'ஸ்னீக் அட்டாக்', அதாவது கூடுதல் கட்டை உருட்டும் அடி, ஒளியாமலேயே கிடைக்கும். எதிரியிலிருந்து 5 அடிக்குள் ஒரு தோழன் நின்றாலே போதும். பக்கத்தில் ஆள் இருந்தால்தான் இவனுக்குப் பலம்.

அசாசின் கிளைக்குப் போனால் நிலைமை மாறுகிறது. சற்றும் எதிர்பாராத எதிரியை அடித்தால் அடிக்குரிய கட்டைகள் இரட்டிப்பாகும். ஆனால் எதிரி ஒருவரையுமே கவனித்திருக்கக் கூடாது. கனமான இரும்புக் கவசம் போட்ட தோழன் பதுங்கும்போது 20 முகக் கட்டையை இருமுறை உருட்டி, குறைந்ததையே எடுக்க வேண்டும். ஆகவே அசாசின் விளையாடும் பிள்ளை என்ன சொல்லும்? "நீங்கள் இங்கேயே நில்லுங்கோ, நான் போய்ட்டு வாறேன்." பிறகு அரை மணித்தியாலம் மற்ற நான்கு பேரும் கைப்பேசியைப் பார்த்துக்கொண்டிருப்பார்கள். எங்கள் மேசையிலேயே இது நடந்திருக்கிறது.

தீஃப் கிளையில் கிடைப்பது வேகமான கைகள். பூட்டைத் திறக்கலாம், பொறியைச் செயலிழக்கச் செய்யலாம், ஒரு பொருளைச் சட்டென்று பயன்படுத்தலாம். அந்தப் பொருள் முதலுதவிப் பெட்டியாகவும் இருக்கலாம். விழுந்து சாகக் கிடக்கும் தோழனின் உயிரைப் பிடித்து வைத்துவிட்டு, அதே முறையில் இன்னொரு வேலையும் செய்யலாம். அசாசினுக்கோ நஞ்சு தயாரிக்கும் பெட்டியில் பயிற்சி. ஒரே வகுப்பு, ஆனால் பையில் இருப்பது வேறு.

பதுங்கும் ஆட்கள் ரோக் வகுப்புக்கு வெளியேயும் இருக்கிறார்கள். ரேஞ்சருக்கும், நிழல் வழியைப் பின்பற்றும் மாங்க் என்ற துறவிக்கும் ஒரு மந்திரம் உண்டு. அது 30 அடிக்குள் இருக்கும் தோழர் அத்தனை பேருக்கும் பதுங்கும் எண்ணில் 10ஐக் கூட்டும். இரும்புக் கவசக்காரனும் கூடவே வரலாம்.

எனவே என் கருத்து இதுதான். தாளில் எழுதியிருக்கும் பெயரைப் பார்த்துப் பயப்படாதீர்கள். "நீ ஒளிந்து போனபோது உன்னோடு யார் வந்தார்கள்?" என்று பிள்ளையிடம் கேளுங்கள். எங்கள் மேசையில் இந்த வகுப்புகளை எடுப்பவர்கள் பெரும்பாலும் அதிகம் பேசாத பிள்ளைகள். கூச்சமுள்ள பிள்ளை தன் விருப்பப்படி தனியே போகட்டும், விளையாட்டுத்தானே என்று சிலர் சொல்வார்கள். வாரம் முழுக்க வகுப்பில் தனியே இருக்கும் பிள்ளைக்கு வெள்ளிக்கிழமையும் ஒரு மூலையைக் கொடுப்பது எனக்கு நல்லதாகப் படவில்லை.

அசாசினைத் தடை செய்யச் சொல்லவில்லை. தோழர்கள் வரும்வரை கதவருகே காத்திருந்த ஓர் அசாசினையும் பார்த்திருக்கிறேன். தம்பி தங்கைமாரே, எந்தக் கிளையை எடுத்தாலும், "நான் போறேன்" என்று சொல்வதற்கு முன் மற்றவர்களை எப்படிக் கூட்டிக்கொண்டு போகலாம் என்று ஒரு தரம் யோசியுங்கள்.

அந்த அம்மாவின் மகன் பள்ளிக்கூடம் மாறியதிலிருந்து யாரோடும் கதைப்பதில்லை. அன்று தாளின் கடைசி வரியை அவருக்குக் காட்டினேன். பூட்டுத் திறக்கும் கருவிகளுக்குக் கீழே 'முதலுதவிப் பெட்டி, மீதி 7' என்று இருந்தது. பத்துத் தரம் பயன்படுத்தக்கூடிய பெட்டி அது. மூன்று தரம் அவன் யாரையோ காப்பாற்றியிருக்கிறான்.

"இதை நீ சொல்லிக் குடுத்தனியோ?" என்று கேட்டார்.

"இல்லை அக்கா, அவனாத்தான் எடுத்தவன்" என்றேன்.

தாளை மடித்து, இருந்த இடத்திலேயே வைத்துவிடப் போவதாகச் சொன்னார்.