ஃப்ரிட்ஜ் புராணம் – 6: பாலும் புல்லும்

ஸ்டைபெண்டை எண்ணி எண்ணிச் செலவழிக்கும் மக்களே, ஆர்கானிக் பாலுக்குக் கூடுதல் காசு கொடுக்கலாமா?

வாஷிங்டன் ஸ்டேட் பல்கலைக்கழகத்து பென்புரூக் குழு அமெரிக்கா முழுக்கப் பாலைச் சோதித்து 2013-ல் சொன்னது: ஆர்கானிக் பாலில் ஒமேகா-3 கொழுப்பு அமிலம் 62% அதிகம், ஒமேகா-6 25% குறைவு. காரணம் லேபிள் இல்லீங்க, புல்லு! பச்சைப் புல்லில் ஒமேகா-3 அதிகம். மக்காச்சோளத் தீவனத்தில் ஒமேகா-6. தின்னதில் ஒரு பங்கு பாலுக்கும் வந்துடுது. இங்கே ஆர்கானிக் மாட்டை வருஷத்துக்கு 120 நாளாவது மேய விடணும்னு விதியே இருக்கு.

நம்ம ரூம்மேட் ஒமேகா-3-க்காகவே ஆர்கானிக் வாங்குறார். அதுவும் கொழுப்பு நீக்கின பால்! ஒமேகா-3 அந்தக் கொழுப்புல தானே சாமி இருக்கு?

இன்னொரு கணக்கு. 62% கேட்கப் பெருசா இருக்கும். ஆனா ஒரு டம்ளர் ஆர்கானிக் முழுப்பாலிலேயே ஒமேகா-3 100 மில்லிகிராமைத் தொடாது. ஒரு மேசைக்கரண்டி ஆளிவிதைப் பொடியில் 1500-க்கு மேல!

ஆக, என் ஓட்டு சாதா பாலுக்கும், தயிர்ல ஒரு கரண்டி ஆளிவிதைப் பொடிக்கும். மாடு நல்லா மேயட்டும்னு கூடக் காசு கொடுக்கறவங்க தாராளமா கொடுங்க. ஒமேகா-3 பேரைச் சொல்லிக் கொடுக்காதீங்க.

உங்க ஃப்ரிட்ஜில் என்ன பால்?