கட்டப்பாவை யாரும் விடுதலை செய்யவில்லை

கட்டப்பா ஏன் பாகுபலியைக் கொன்றான்? 2015 ஜூலை தொடங்கி 2017 ஏப்ரல் வரை இந்த நாடு கேட்டுக்கொண்டே இருந்த கேள்வி இது. டீக்கடையில் கேட்டார்கள், கல்லூரியில் கேட்டார்கள், வாட்ஸ்அப்பில் கேலிப்படம் போட்டார்கள். ராஜமௌலி 'பாகுபலி 2'இல் விடை சொல்லிவிட்டார். நானும் தியேட்டரில் போய்ப் பார்த்தேன். விடை ஒரே வரிதான்: அவன் அடிமை, ஆணையிட்டார்கள், கொன்றான்.

இந்த விடையைத் தெரிந்துகொள்ள இரண்டு ஆண்டுகள் காத்திருக்கத் தேவையில்லை. அடிமை என்றால் யார் என்று தெரிந்த எவரும் முதல் நாளே சொல்லியிருக்கலாம். ஆனால் அடுத்து கேட்கவேண்டிய கேள்வி ஒன்று இருக்கிறது. கட்டப்பா ஏன் அடிமையாக இருக்கிறான்? அதைத் திரையிலும் யாரும் கேட்கவில்லை, திரைக்கு வெளியிலும் யாரும் கேட்கவில்லை.

இல்லை, ஒருவர் கேட்கிறார். முதல் பாகத்தில் வாள் விற்க வரும் அஸ்லம் கான். இவ்வளவு பெரிய வீரன் அடிமையாக இருப்பதா, உன்னை விடுவிக்கிறேன் என்கிறார். என் முன்னோர் இந்த அரியணைக்கு அடிமைகளாக இருப்போம் என்று வாக்குக் கொடுத்துவிட்டார்கள் என்று கட்டப்பா மறுத்துவிடுகிறான். அத்தோடு அந்தப் பேச்சு முடிந்துவிடுகிறது. பெருந்தன்மையான பதில் என்று நம்மையும் நம்ப வைத்துவிடுகிறார்கள்.

பாட்டன் கொடுத்த வாக்குக்குப் பேரன் அடிமையாக இருப்பதற்கு நம் நாட்டுச் சட்டத்தில் ஒரு பெயர் உண்டு. 1976ஆம் ஆண்டின் கொத்தடிமை முறை ஒழிப்புச் சட்டம் கடனுக்காக உழைப்பதை மட்டும் கொத்தடிமைத்தனம் என்று சொல்லவில்லை. முன்னோர் வழியாக வந்த கடமைக்காக உழைப்பதையும், குறிப்பிட்ட சாதியில் பிறந்ததற்காக உழைப்பதையும் அப்படித்தான் சொல்கிறது. அந்தச் சட்டம் குற்றம் என்று சொல்வதை இந்தப் படம் விசுவாசம் என்று சொல்கிறது.

'பாகுபலி 2' மோசமாக எடுக்கப்பட்ட படம் என்று நான் சொல்ல வரவில்லை. சபையில் சங்கிலியோடு நின்று சிவகாமியை எதிர்த்துக் கேள்வி கேட்கும் தேவசேனாவைப் பார்த்து நானும் நிமிர்ந்து உட்கார்ந்தேன். தன்மேல் கை வைத்தவனின் விரல்களை வெட்டியவள் அவள். அந்த இடத்தில் பெண்கள் பக்கமிருந்து கைதட்டல் வந்தது, நியாயமான கைதட்டல். ரம்யா கிருஷ்ணனும் அனுஷ்காவும் கதாநாயகனுக்கு நிகராக நிற்கிறார்கள். நம் மசாலாப் படங்களில் இது அபூர்வம்.

ஆனால் அநீதியை எதிர்த்துக் கேட்கும் உரிமை அரச குடும்பத்துப் பெண்ணுக்கு இருக்கிறது, அடிமைக்கு இல்லை. பாகுபலியைக் கொல்லச் சொல்லும்போது கட்டப்பா கெஞ்சுகிறான், அழுகிறான். நீ கொல்லாவிட்டால் நான் கொல்வேன் என்கிறார் சிவகாமி. அந்தப் பழி ராஜமாதாவின் மேல் விழக்கூடாது என்று அவன் கத்தியை எடுக்கிறான். தன்னைக் காப்பாற்ற வந்தவனையே முதுகில் குத்துகிறான். உண்மை தெரிந்த பிறகாவது வெளியேறினானா? இல்லை. பல்லாளதேவன் செய்த சூழ்ச்சி என்று தெரிந்தும், அதே பல்லாளதேவனுக்கு இருபத்தைந்து ஆண்டுகள் ஊழியம் செய்கிறான். முற்றத்தில் தேவசேனாவைச் சங்கிலியால் கட்டிப்போட்டிருப்பதைப் பார்த்துக்கொண்டே ஊழியம் செய்கிறான். யார் உட்கார்ந்தாலும் அவன் அந்த நாற்காலிக்குச் சொந்தம்.

இதைத்தான் ஏகலைவன் கதையும் நமக்குச் சொல்லிக் கொடுத்தது. கட்டை விரலைக் கேட்டவனைக் குற்றவாளி என்று சொல்லாமல், கொடுத்தவனை உத்தமன் என்று சொல்லிச் சொல்லியே அந்தக் குற்றத்தை மறைத்தார்கள். இங்கே அடிமைப்படுத்திய மகிழ்மதி குற்றவாளி இல்லை, அடிமையாகவே இருந்த கட்டப்பா உத்தமன்.

முதல் பாகத்தின் அந்தக் காட்சியை யாரும் மறந்திருக்க மாட்டார்கள். மகேந்திர பாகுபலியின் முகத்தைப் பார்த்ததும் கட்டப்பா மண்டியிட்டுச் சரிந்து வந்து, அந்தக் காலைத் தூக்கித் தன் தலையில் வைத்துக்கொள்கிறான். யார் அந்த மகேந்திர பாகுபலி? அருவிக்குக் கீழே பழங்குடி மக்களிடம் வளர்ந்தவன். அவனை வளர்த்தவர்களின் உழைப்புக்கும் அன்புக்கும் கதையில் மதிப்பில்லை. ரத்தம் அவனை மேலே இழுக்கிறது, பிறப்பு அவனை அரசனாக்குகிறது. பிறப்பு ஒருவனை அரசனாக்கும் என்றால், பிறப்பு இன்னொருவனை அடிமையாக்கும் என்பதும் சரியாகிவிடும். காலில் பிறந்தவன் சூத்திரன் என்று புருஷ சூக்தம் சொன்னதையும், காலைத் தலையில் வைத்துக்கொள்ளும் இந்தக் காட்சியையும் சேர்த்துப் பாருங்கள். இரண்டு பாகத்திலும் சத்திரிய தர்மம் என்று ஏன் இவ்வளவு பேசுகிறார்கள் என்பது விளங்கும்.

எதிரி எப்படி இருக்கிறான் என்பதும் முக்கியம். காலகேயர்களுக்குக் கறுப்புச் சாயம் பூசி, அவர்களுக்கென்று கிளிக்கி என்ற புரியாத ஒரு மொழியையும் உருவாக்கிக் கொடுத்தார்கள். அந்த மொழியை உருவாக்கி, முதல் பாகத்தின் தமிழ் வசனத்தையும் எழுதியவர் மதன் கார்க்கி. அந்த வசனத்தில் 'பகடை' என்ற சொல் வசைச்சொல்லாக வந்தது. அருந்ததிய மக்களைக் குறிக்கும் சொல் அது. அவர்கள் கொதித்தெழுந்த பிறகு, தாயத்தைத்தான் சொன்னேன் என்று விளக்கமும் வருத்தமும் வந்தன. இவ்வளவு பெரிய செலவில், இத்தனை பேர் பார்த்துப் பார்த்துச் செய்த படத்தில், அந்தச் சொல் யார் காதிலும் உறுத்தவில்லை என்பதுதான் விஷயம்.

இது கற்பனைக் கதைதானே, ராஜா காலத்தில் அடிமை இருந்திருப்பான்தானே என்று நண்பர்கள் கேட்கிறார்கள். கற்பனை என்பதால்தான் நானும் கேட்கிறேன். பனைமரத்தை வளைத்து, கேடயத்துக்குள் சுருண்ட வீரர்களைக் கோட்டைக்குள் வீசலாம். கப்பல் மேகத்தில் பறக்கலாம். ஒரே ஆள் தேரை இழுத்து மதயானையை நிறுத்தலாம். இவற்றில் எதுவும் வரலாற்றில் நடந்ததில்லை, இருந்தும் நாம் ஒத்துக்கொண்டோம். இவ்வளவையும் கற்பனை செய்தவர்களுக்கு, முடிசூடிய அன்று மகேந்திர பாகுபலி ‘கட்டப்பா, இன்றோடு நீ அடிமை இல்லை’ என்று ஒரு வார்த்தை சொல்வதாகக் கற்பனை செய்ய முடியவில்லை. படம் முடியும்வரை அந்த வார்த்தை வரவில்லை. நல்ல அரசன் வந்துவிட்டான், அடிமை அடிமையாகவே இருக்கிறான்.

நம் ராஜா படங்கள் எப்போதும் இப்படி இருந்ததில்லை. 1958இல் வந்த 'நாடோடி மன்னன்' அரியணையில் ஒரு சாமானியனை உட்கார வைத்து, மக்களுக்கான சட்டங்களைப் பேச வைத்தது. 1965இல் வந்த 'ஆயிரத்தில் ஒருவன்' அடிமைகளாக விற்கப்பட்டவர்களின் விடுதலை வேட்கையைத்தான் கதையாகச் சொன்னது. அவையும் வாள்சண்டையும் பாட்டும் உள்ள வசூல் படங்கள்தான். அவற்றைவிடத் தொழில்நுட்பத்தில் எங்கோ போய்விட்டோம், கருத்தில் பின்னால் நடந்திருக்கிறோம்.

கட்டப்பாவாக நடித்தவர் சத்யராஜ். 2007இல் வந்த 'பெரியார்' படத்தில் பெரியாராக நடித்தவர். நடிகரின் தொழில் அது, அவர்மேல் எனக்குக் குறை இல்லை. ஆனால் ஒன்றை யோசிக்க வேண்டும். சுயமரியாதையைப் பேசிய பெரியாராக அவரைப் பார்த்தவர்களைவிட, காலைத் தலையில் வைத்துக்கொண்ட கட்டப்பாவாக அவரைப் பார்த்தவர்கள் பல மடங்கு அதிகம். உலகம் முழுவதும் ஆயிரம் கோடி ரூபாய்க்கு மேல் வசூலித்த முதல் இந்தியப் படம் இது. அந்த ஆயிரம் கோடியோடு சேர்ந்து அடிமை விசுவாசமும் வீடுவீடாகப் போயிருக்கிறது.

விசுவாசம் என்ற சொல்லைச் சேரியில் பிறந்த எங்களுக்கு நன்றாகத் தெரியும். என் தாத்தா பண்ணையாள். விசுவாசமானவன் என்று ஆண்டை வீட்டில் அவருக்கு நல்ல பெயர். அந்த நல்ல பெயரால் ஒரு மரக்கால் நெல்கூட அதிகமாகக் கிடைத்ததில்லை என்று அப்பா சொல்வார். கீழத்தஞ்சையில் அந்த விசுவாசத்துக்குப் பின்னால் சாணிப்பாலும் சவுக்கடியும் இருந்தன. விசுவாசத்தை விட்டுவிட்டுச் சங்கமாகத் திரண்டு கூலி கேட்டபோது என்ன நடந்தது என்பதற்குக் கீழ்வெண்மணி சாட்சி. 1968 டிசம்பர் 25 இரவு, ஒரே குடிசையில் 44 பேர் எரிக்கப்பட்டார்கள். கட்டப்பாவை இந்தச் சமூகம் கொண்டாடுகிறது. கட்டப்பாவாக இருக்க மறுத்தவர்களை இதே சமூகம்தான் கொளுத்தியது.

அதனால் படத்தைப் பார்க்காதீர்கள் என்று நான் சொல்லவில்லை. பிள்ளைகள் கேட்டால் கூட்டிப்போங்கள், அவர்கள் அந்த அருவியையும் யானையையும் ரசிக்கட்டும். வீடு திரும்பும் வழியில் ஒரு கேள்வியை மட்டும் அவர்களிடம் கேளுங்கள். கட்டப்பா ஏன் பாகுபலியைக் கொன்றான் என்பதை விடுங்கள், அவன் ஏன் அந்த அரியணையை விட்டு வெளியே போகவில்லை?