தூங்கினது யாரு?

ரெண்டு வாரம் முன்னாடி, வெள்ளிக்கிழமை. எங்க சபையில முழு இரவு ஜெபம். ஒரகடத்துல ஒரு ஃபேக்டரிக்கு சாஃப்ட்வேர் பார்க்கிற பொழப்பு எனக்கு. வேலை முடிச்சு நேரா சபைக்கு போயிட்டேன். அந்தப் பக்க வரிசையில, கம்பெனி யூனிஃபார்மைக் கூட மாத்தாம ஒரு பொண்ணு சுவத்துல சாஞ்சு தூங்கிட்டிருந்தது. செய்தி கொடுக்க வந்தவர் பார்த்துட்டார். "உலகக் கவலையில மூழ்கினவங்க இப்படித்தான் தூங்குவாங்க, விசுவாசம் இருந்தா தூக்கம் வராது"ன்னு மைக்குலயே சொன்னார். நாலு பேர் சிரிச்சாங்க. அந்தப் பொண்ணு எழுந்து வெளிய போயிட்டுது.

அன்னிக்கு நானும் வாயை மூடிக்கிட்டுதான் இருந்தேன். இப்போ கேக்குறேன்.

லூக்கா 21-ல இயேசு எச்சரிக்கிறது உண்மைதான். வெறி, குடி, வாழ்க்கைக் கவலை மூணும் மனசை பாரமாக்கிடும், அந்த நாள் திடீர்னு வந்துடும்ங்கிறார். இதை நான் மறுக்கலை. ஆனா அடுத்த அதிகாரத்தையும் புரட்டணும் இல்லையா? கெத்செமனேயில சீஷர்கள் துக்கத்தால தூங்கினாங்கன்னு லூக்காவே எழுதுறார். அந்த ராத்திரி அங்க ரொம்ப கலங்கிப் போயிருந்தது யாரு? இயேசு. முழிச்சிருந்தது யாரு? அவரேதான். அப்போ கலக்கம் இருந்தா விழிப்பு இருக்காதுன்னு எப்படிங்க சொல்றீங்க?

மத்தேயு 25-ஐ எடுத்துக்கோங்க. பத்து கன்னிகைகளும் தூங்கிட்டாங்க. புத்தியுள்ள அஞ்சு பேரும் சேர்த்துதான்! எண்ணெய் இருந்துச்சாங்கிறதுதான் அங்க கேள்வி. அதே அதிகாரம் முடியும்போது, பசிச்சவனுக்கு சோறு போட்டியா, வியாதியா கிடந்தவனை வந்து பார்த்தியான்னு கணக்கு கேக்குறாங்க.

இந்த ஸ்ரீபெரும்புதூர் பக்கம் கவலைங்கிறது அவிசுவாசம் இல்லீங்க, அனுபவம். நோக்கியா 2006-ல உற்பத்தி ஆரம்பிச்சப்போ ஊரே கொண்டாடிச்சு. 2014 நவம்பர் 1-ல நிறுத்திட்டாங்க. ஆயிரக்கணக்கான பேருக்கு வேலை போச்சு. இதைக் கேட்டு வளர்ந்த காண்ட்ராக்ட் தொழிலாளி "நாளைக்கு கேட்டுல உள்ள விடுவானா"ன்னு யோசிச்சா, அவனை எழுப்பி நிறுத்தி திட்டுவீங்களா?

2021 டிசம்பர் ஞாபகம் இருக்கா? ஃபாக்ஸ்கான் தொழிற்சாலையில வேலை செஞ்ச பொண்ணுங்க தங்கியிருந்த பூந்தமல்லி பக்கத்து விடுதியில சாப்பாடு விஷமாகி 159 பேர் ஆஸ்பத்திரியில சேர்ந்தாங்க. சிலர் செத்துட்டாங்கன்னு வதந்தி வேற. 17-ம் தேதி ராத்திரி கூட இருந்தவங்க சென்னை - பெங்களூரு நெடுஞ்சாலையில உக்காந்துட்டாங்க. எங்க கூட இருந்தவங்க எங்கேன்னு தெரியணும், அவ்வளவுதான். அப்புறம்தான் தங்குமிடமும் சாப்பாட்டுக் கூடமும் தரமா இல்லைன்னு ஆப்பிளே ஒத்துக்கிச்சு. மூடின ஆலை 2022 ஜனவரி 12-ல தான் திரும்பத் திறந்துச்சு.

அது வருகையின் காலம், மக்களே. விழித்திருங்கள்னு சபைகள்ல வாசிக்கிற நாலு வாரம். ரோட்டுல அந்தப் பொண்ணுங்க விடிய விடிய முழிச்சிருந்தாங்க. நான் அப்போ வேலைக்கு சேர்ந்த புதுசு. கேரல் ரவுண்ட்ஸ்ல கிடார் தூக்கிக்கிட்டு சுத்திட்டிருந்தேன். ஞாயித்துக்கிழமை ஜெபத்துல இந்த விஷயம் ஒரு வரி கூட வரலை. எனக்கும் அது உறைக்கலை. இப்போ சொல்லுங்க, தூங்கினது யாரு?

கவலையோட ஆபத்து எனக்குத் தெரிஞ்ச வரை இதுதான்: நம்ம இஎம்ஐ, நம்ம அப்ரைசல், நம்ம ஆன்சைட்டுன்னு கண்ணை உள்பக்கமா திருப்பிடும். பக்கத்துல இருக்கறவன் தெரியமாட்டான். ஏசி ரூம்ல உக்காந்திருக்கிற எனக்குத்தான் அந்த எச்சரிக்கை பொருந்தும். எட்டு மணி நேரம் நின்னுட்டு வந்த பொண்ணுக்கு தூக்கம் வர்றது உடம்போட நியாயம்.

முழு இரவு ஜெபத்துக்கே ஒரு கதை இருக்கு. 1740-கள்ல ஜான் வெஸ்லியோட ஆட்கள் இதை நடத்த ஆரம்பிச்சப்போ, அதுல முன்னாடி நின்னவங்க இங்கிலாந்து கிங்ஸ்வுட் நிலக்கரிச் சுரங்கத் தொழிலாளிங்க. சனிக்கிழமை ராத்திரி சாராயக்கடையில கழிச்ச நேரத்தை ஜெபத்துக்குக் கொடுத்தாங்க. தொழிலாளியோட நேரத்துல பொறந்த வழக்கம் அது. நாம அவங்க ஷிஃப்ட் என்னன்னு கூட விசாரிக்காம தேதி குறிக்கிறோம், வந்து தூங்கினா மைக்குல மானத்தை வாங்குறோம்.

பாஸ்டர் ஐயாக்களே, பெருசா எதுவும் கேக்கலை. ஜெபம் வைக்கிறதுக்கு முன்னாடி யாருக்கு என்னிக்கு வீக் ஆஃப்னு விசாரிங்க. வழக்கமா வர்ற முகம் ஒரு வாரம் வரலைன்னா ஒரு போன் போடுங்க. யாராவது தூங்கிட்டா ஃபேனை அந்தப் பக்கம் திருப்புங்க.

போன ரெண்டு ஞாயிறும் அந்தப் பொண்ணு வரலை. யாரும் கேக்கலை. நானும் கேக்கலை. இந்த ஞாயிறு பாஸ்டரம்மாவைக் கூட்டிக்கிட்டு அந்த விடுதி வாசல் வரைக்கும் போறதா இருக்கேன். முதல்ல மன்னிப்பு கேக்கணும்.

டிஸ்கி: பிரசங்கத்தை விமர்சிக்க நீ யாருன்னு பின்னூட்டத்துல கும்மப் போறவங்க, அதுக்கு முன்னாடி மத்தேயு 25-ஐ கடைசி வரை ஒருதடவை படிச்சுட்டு வாங்க. அப்புறம் தாராளமா கும்மலாம்.