ஓர் அறை முடியட்டும், பிறகு அடுத்த சுவர்



ஞாயிற்றுக்கிழமை காலையில் நீலாய், செனவாங், சிரம்பான் பக்கம் எந்தத் தாமானுக்குள் நுழைந்தாலும் ஒரு சத்தம் கேட்கும். ஒரு வீட்டில் டிரில் ஓடும். இன்னொரு வீட்டு வாசலில் பலகை அறுபடும். தீபாவளி நெருங்க நெருங்க இந்தச் சத்தம் கூடிக்கொண்டே போகும். காணொளியைப் பார்த்துத் தச்சுவேலை கற்றுக்கொள்ளும் இளைஞர்கள் இப்போது நிறைய. டிவி வைக்கும் மேசை, செருப்பு அடுக்கு, பூசை மாடம் என்று சொந்தக் கையால் செய்துவிடுகிறார்கள். பாராட்ட வேண்டிய விஷயம்தான்.

ஆனால் இந்தச் சத்தத்துக்கு நடுவில் வீட்டில் உள்ளவர்கள் எப்படி இருக்கிறார்கள்? அதைப் பற்றித்தான் இந்த வாரம் பேசப்போகிறோம்.

நம்மவர்களுக்கு வீட்டைப் புதுப்பிப்பதில் இவ்வளவு வேகம் ஏன் என்று யோசித்திருக்கிறீர்களா? ரந்தாவ், லாபு, பகாவ், போர்ட்டிக்சன் வட்டாரத் தோட்டங்களில் வளர்ந்தவர்களுக்கு விடை தெரியும். லயத்து வீடு நிர்வாகத்தின் சொத்து. அஞ்சடியில் பெஞ்சு போட்டது அப்பா. பின்னால் தகரம் இறக்கிக் குசினியைப் பெரிதாக்கியது தாத்தா. கோழிக்கூடு, விறகுக் கொட்டகை எல்லாம் அவர்கள் கையால் எழுந்தவை. வேலை ஓய்வு வந்ததும், அல்லது தோட்டம் கைமாறியதும், சாவியைக் கொடுத்துவிட்டு வெளியேற வேண்டும். போட்ட பலகையும் அடித்த ஆணியும் அங்கேயே நின்றுவிடும்.

தொழிலாளர் குடியிருப்புக்குக் குறைந்தபட்சத் தரம் வகுத்த சட்டம், அதாவது சட்டம் 446, 1990-இல் வந்தது. முதலாளி தரும் இருப்பிடம் எப்படி இருக்க வேண்டும் என்று அது சொல்கிறது. அந்த இருப்பிடம் தொழிலாளிக்குச் சொந்தமாகும் என்று சொல்லவில்லை.

ஆகவே இன்று தாமானில் மாடி வீடு வாங்கியிருக்கும் முப்பது வயது மகனோ மகளோ, பல குடும்பங்களில், சொந்தச் சுவரில் ஆணி அடிக்கும் முதல் தலைமுறை. அந்த மகிழ்ச்சி சாதாரணமானதல்ல. எல்லாவற்றையும் ஒரே வருடத்தில் செய்து முடித்துவிட வேண்டும் என்ற அவசரமும் அங்கிருந்துதான் வருகிறது.

எங்கள் காலை நிகழ்ச்சியில் இதே தலைப்பைப் பேசியபோது ஒரு சகோதரி அழைத்தார். "அண்ணா, வீடு அழகாத்தான் ஆகுது. ஆனா எட்டு மாசமா நாங்க தரையில உக்காந்துதான் சாப்பிடுறோம். சாப்பாட்டு மேசை இன்னும் தேய்ச்சுக்கிட்டே இருக்காரு. சனி ஞாயிறுன்னா பிள்ளைங்க அப்பாவ முதுகுப் பக்கமாத்தான் பாக்குறாங்க" என்றார். அவர் குரலில் கோபம் இல்லை, சோர்வுதான் இருந்தது. அன்றைக்கு அதன்பின் வந்த அழைப்புகள் பலவும் அதே கதையைத்தான் சொன்னன.

கணவருக்குக் குடும்பத்தின் மேல் அக்கறை இல்லாமலா? குடும்பத்துக்காகத்தான் அந்த மேசையைச் செய்கிறார். செய்து முடிக்கும் நாள் எது என்பதை மட்டும் அவர் முடிவு செய்யவில்லை.

இந்த இடத்தில் தோட்டத்து நேரத்தைக் கொஞ்சம் நினைத்துப் பாருங்கள். விடியுமுன் பெரட்டு. அவரவருக்கு ஒதுக்கிய மரங்களைச் சீவி, பால் எடுத்து, நிறுத்துக் கொடுத்தால் அன்றைய வேலை முடிந்தது. மழை வந்தால் மரம் சீவ முடியாது. வேலைக்கு ஒரு தொடக்கமும் ஒரு முடிவும் இருந்தன. கோழிக்கூடு அடிப்பது அதற்குப் பிறகு, வெளிச்சம் இருக்கும் வரைக்கும்தான். அந்தக் காலம் பொற்காலம் என்று நான் சொல்லவில்லை. கூலி குறைவு. பெண்களும் மரம் சீவிவிட்டு வந்து, சமையல், துணி, பிள்ளை என்று இன்னொரு வேலை நாளைத் தொடங்கினார்கள். ஆனால் வேலைக்கு எல்லை வைக்கும் பழக்கத்தை மட்டும் அங்கிருந்து எடுத்துக்கொள்ளலாம்.

நமக்கு இப்போது அந்த எல்லை இல்லை. அலுவலகம் முடிந்து வந்து இரவு பத்து மணிக்கும் பலகை தேய்க்கிறோம். வீடு முழுவதும் படியும் தூளை யார் துடைக்கிறார்கள் என்று கேட்டுப் பாருங்கள். பல வீடுகளில் பதில் அம்மா அல்லது மனைவி என்றுதான் வரும். பலகை செய்தவருக்குக் கிடைக்கும் பாராட்டு, தூள் துடைத்தவருக்குக் கிடைப்பதில்லை.

தூள் என்றதும் ஒரு முக்கியமான செய்தி. மரத்தூளை மனிதருக்குப் புற்றுநோய் உண்டாக்கும் பொருள்களின் முதல் பிரிவில் அனைத்துலகப் புற்றுநோய் ஆய்வு முகமை 1995-இல் சேர்த்தது. வருடக்கணக்கில் தூளைச் சுவாசிக்கும் தச்சுத் தொழிலாளர்களுக்கே அந்த ஆபத்து அதிகம். வார இறுதியில் ஒரு மேசை செய்பவர் அதற்காகப் பயந்து நடுங்க வேண்டாம். ஆனால் ஆஸ்துமா உள்ள பிள்ளை தூங்கும் அறைக்குப் பக்கத்தில் மரம் தேய்க்காதீர்கள். வெளியில் வைத்துத் தேயுங்கள், என்95 முகக்கவசம் அணியுங்கள், துடைப்பத்தால் பெருக்கிக் கிளப்பாமல் ஈரத்துணியால் துடையுங்கள். தூளைக் கிளப்பியவரே துடைப்பதுதான் நியாயம்.

இனி மரத்துக்கு வருவோம். பலகைக் கடையில் வெளிர் மஞ்சள் நிறத்தில், சின்னச் சின்னத் துண்டுகளை விரல் கோத்ததுபோல் ஒட்டி விற்கும் பலகையைப் பார்த்திருப்பீர்கள். அது பெரும்பாலும் நம் பால்மரம்தான். நம் தாத்தா பாட்டி சீவிய அதே இனம்.

ரப்பர் மரம் ஏறக்குறைய 25 முதல் 30 வருடம் பால் தரும் வரைக்கும் வைத்திருந்து, பிறகு வெட்டிச் சாய்த்து மறுநடவு செய்வார்கள். முன்பெல்லாம் வெட்டிய மரம் அடுப்புக்கும், ரப்பர் தாளுக்குப் புகை போடும் கூடத்துக்கும் விறகாகப் போனது. 1960-களின் பிற்பகுதியில் பிறையில் இயங்கத் தொடங்கிய மலாயாவாத்தா எஃகு ஆலையின் உலைக்கு அந்த மரத்தின் கரி போனது. மேசை நாற்காலி செய்ய யாரும் அதை விரும்பவில்லை. அந்த மரத்தில் மாவுச்சத்து அதிகம். வெட்டிய சில நாளிலேயே பூசணம் பிடித்து நீலம் பாய்ந்துவிடும், வண்டு துளைக்கும். வெட்டியவுடன் போரான் உப்புக் கரைசலை அழுத்தத்தில் ஏற்றி, சூளையில் உலர்த்தும் முறை பரவிய பிறகுதான் அதன் தலையெழுத்து மாறியது. 1980-கள் தொடங்கி அது நாட்டின் முக்கிய ஏற்றுமதித் தளவாட மரமானது. மூவாரில் செய்யும் மேசை நாற்காலிகள் உலகம் முழுவதும் போகின்றன.

இந்தக் கதையில் உங்கள் மேசைக்கும் பாடம் இருக்கிறது. போரான் தண்ணீரில் கரையும். ஆகவே பால்மரப் பலகையை மழை படும் வாசலிலும், ஈரம் சொட்டும் குளியலறையிலும் போடாதீர்கள். கடையிலிருந்து வந்த அன்றைக்கே அறுக்காதீர்கள். வீட்டுக்குள் ஒரு வாரம் படுக்க வையுங்கள். வீட்டின் ஈரப்பதத்துக்கு அது பழகட்டும். அவசரப்பட்டுச் செய்தால் பிறகு வளையும், இணைப்பு விடும். அந்த ஒரு வாரம் உங்களுக்குத் தாமதம். குடும்பத்துக்கு ஒரு முழு ஞாயிற்றுக்கிழமை.

சுவரைத் தொடுவதற்கு முன் பார்க்க வேண்டிய விவரங்களும் உண்டு. மேம்பாட்டு நிறுவனத்திடமிருந்து நேரடியாக வாங்கிய புது வீடு என்றால், வீட்டை ஒப்படைத்த நாளிலிருந்து 24 மாதம் குறைபாடுகளைச் சரிசெய்யும் பொறுப்பு அந்த நிறுவனத்துடையது. விரிசல், நீர்க்கசிவு எல்லாவற்றையும் படமெடுத்து எழுத்து வடிவில் புகார் கொடுத்துவிட்டு, அதன் பிறகு உடைப்பதை உடையுங்கள். நீங்கள் இடித்த பிறகு, விரிசல் யாரால் வந்தது என்ற வாக்குவாதம் வரும். நிறுவனம் கவனிக்கவில்லை என்றால் வீடு வாங்குவோர் நடுவர் மன்றம் இருக்கிறது. 50,000 ரிங்கிட் வரையிலான கோரிக்கையை அங்கே வழக்கறிஞர் இல்லாமலே நீங்களே கொண்டு போகலாம்.

குசினியை நீட்டுவது, வாசலுக்குக் கூரை போடுவது போன்றவற்றுக்கு ஊராட்சி மன்றத்தின் அனுமதி வேண்டும். சிரம்பானும் நீலாயும் 2020 ஜனவரி 1 முதல் ஒரே சிரம்பான் மாநகர் மன்றத்தின் கீழ் வந்துவிட்டன. மற்ற ஊர்க்காரர்கள் அவரவர் மன்றத்தில் விசாரியுங்கள். "பக்கத்து வீட்டுக்காரரும் கேட்காமல்தானே கட்டினார்" என்பது அதிகாரி வந்து நிற்கும்போது உதவாது. கட்டியதை உடைக்கச் சொன்னால் பணம் மட்டுமா போகும்? அதற்காக விட்டுக்கொடுத்த ஞாயிற்றுக்கிழமைகளும் சேர்ந்து போகும்.

சரி, வேலையையும் குடும்பத்தையும் எப்படிச் சேர்த்து நடத்துவது? எனக்குச் சரியென்று படுவது இது. ஒரு நேரத்தில் ஓர் அறை. அது முழுதாக முடிந்து, தூள் துடைத்து, பொருள்களை உள்ளே வைத்துப் புழங்கத் தொடங்கிய பிறகுதான் அடுத்த அறை. நான்கு அறையைப் பாதிப் பாதியாகப் பிரித்துப் போட்டால் உட்கார இடம் இருக்காது. முதலில் எந்த அறை என்பதைச் செய்பவர் மட்டும் முடிவு செய்யக்கூடாது. அங்கே அதிக நேரம் புழங்குபவரைக் கேளுங்கள். உங்களுக்கு வரவேற்பறை அழகு முக்கியமாகத் தெரியலாம். அம்மாவுக்குக் குளியலறையில் பிடித்துக்கொள்ள ஒரு கம்பி போதும்.

அடுத்து, மாலையில் ஒரு நேரம் வையுங்கள். ஆறு மணி என்றால் ஆறு மணி. கருவிகள் பெட்டிக்குள் போகட்டும். மாதத்தில் ஒரு ஞாயிறு சுத்தமாக வேலை கிடையாது என்று நாள்காட்டியில் எழுதி வையுங்கள். சுவரோ கூரையோ ஒரு வாரத்தில் ஓடிவிடாது.

வேலைக்குள் குடும்பத்தையும் கூப்பிடுங்கள். பிள்ளைகளை ரம்பத்துக்குப் பக்கத்தில் விடாதீர்கள். ஆனால் அளவு பிடிக்க, பென்சிலால் கோடு போட, கையால் மணல் தாள் தேய்க்க, திருகாணிகளைப் பிரித்து வைக்க அவர்களால் முடியும். கவசம் போட்டுக்கொண்டு செய்யட்டும். தப்பாகக் கோடு போட்டால் இன்னொரு கோடு போட்டுக்கொள்ளலாம்.

தோட்டத்திலிருந்து தாமானுக்கு வந்த அப்பாக்களைச் சொல்லாமல் முடிக்க மனம் வரவில்லை. நாற்பது வருடம் கத்தி பிடித்த கை. மரப்பட்டையில் எவ்வளவு ஆழம் போனால் பால் வரும், எவ்வளவு ஆழம் போனால் மரம் காயம்படும் என்று விரலாலேயே அறிந்தவர். இன்று டிவி முன்னால் உட்கார்ந்து, மகன் காணொளி பார்த்து உளி தீட்டுவதை ஓரக்கண்ணால் பார்த்துக்கொண்டிருக்கிறார். கேட்டால்தான் பேசுவார். "அப்பா, இதக் கொஞ்சம் தீட்டிக் குடுங்க" என்று ஒரு தடவை சொல்லிப் பாருங்கள். உங்கள் வேலை வேகமாகுமா என்று எனக்குத் தெரியாது. அவர் லயத்து வீட்டில் விட்டுவந்த குசினியைப் பற்றி அன்றைக்குத்தான் உங்களிடம் முதன்முறையாகப் பேசுவார்.

இந்த வாரம் ஒரே ஒரு வேலை. பாதியில் நிற்கும் ஒன்றை எடுத்து, முடிக்கும் தேதியை எழுதிக் குளிர்சாதனப் பெட்டியின் கதவில் ஒட்டுங்கள். அந்தத் தேதியை வீட்டில் எல்லாரும் சேர்ந்து முடிவு செய்யுங்கள். அந்த நாள் வந்ததும், மேசை கொஞ்சம் சொரசொரப்பாக இருந்தாலும் பரவாயில்லை, இலையைப் போட்டு எல்லாரும் அதைச் சுற்றி உட்காருங்கள்.

அடுத்த வாரம் சந்திப்போம்.