மாரியில் உறங்கும் மைதானங்கள்

மாரி பிறந்ததும் அமிர்தகழியிலும் அயற்கிராமங்களிலும் மைதானங்களில் நீர் தேங்கிவிடுகிறது. ஓடும் பிள்ளைகளும் ஓய்ந்துவிடுகின்றனர். தை பிறந்து இல்ல விளையாட்டுப் போட்டி அறிவிக்கப்பட்ட பின்னரே பயிற்சி. சில கிழமைகளிற் பதக்கம் கேட்கிறோம்; கிடைப்பதோ தொடைத்தசைப் பிடிப்பு!

1958ஆம் ஆண்டு தோக்கியோவில் 2.03 மீற்றர் உயரம் பாய்ந்து, ஆசிய விளையாட்டு விழாவில் இலங்கையின் முதற் தங்கத்தை ஈட்டியவர் யாழ்ப்பாணத்து நாகலிங்கம் எதிர்வீரசிங்கம். 1952இல் ஹெல்சிங்கியிலும் 1956இல் மெல்பேர்ணிலும் ஒலிம்பிக்கிற் பாய்ந்த பின்னரே அத் தங்கம் வந்தது. அது சில கிழமை வேலையன்று.

போட்டிக்காலம் முடிந்ததும் இரண்டு மூன்று கிழமை ஓய்வு வேண்டும். ஓய்வென்பது படுத்துக்கிடத்தலன்று, நடை, நீச்சல், நிறைந்த உறக்கம். களைத்த தசை தன்னைச் சீர்செய்துகொள்வது அப்பொழுதுதான். அதன்பின் மெதுவான நெடிய ஓட்டம், உடல்வலுப் பயிற்சி, வேகம் கடைசியிலேயே. உழாத வயலிற் பெரும்போகம் விதைக்கும் போடியார் எவரேனும் உளரோ?

இவற்றுட் பலவற்றுக்கு மைதானமே வேண்டியதில்லை. மழை நாளிற் பாடசாலை மண்டபம் போதும். மழை விட்டால் கல்லடிக் கடற்கரை மணல் இருக்கிறது. இல்லாதது, ஆண்டு முழுதும் சம்பளம் பெற்றுப் பிள்ளைகளைக் கவனிக்கும் பயிற்றுநர் ஒருவரே. அவரை ஐப்பசிக்கு முன் நியமிக்குமாறு கல்வி அதிகாரிகளைக் கேட்கிறோம்.